உறைமண் உருகுகிறது: பழி இயற்கை மேலா, மனிதன் மேலா?

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ரேஷன் அட்டை, வாடகை, கூலி பாக்கி, பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு என்று பேச வேண்டியவை ஆயிரம் இருக்க, எங்கோ வடதுருவத்துக்கு அருகே மண் உருகுவதைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மண்ணைப் பற்றி இன்று உலகில் நடக்கும் வாதம் நமக்குப் புதிய வாதமன்று. ஒரு நாசம் நேர்கிறது. உடனே ஒரு தரப்பு, ‘இது இயற்கையின் செயல்’ என்கிறது. இயற்கையின் செயல் என்றால் எவரும் பொறுப்பாளியில்லை. எவரும் பொறுப்பாளியில்லை என்றால் எவரும் நஷ்டஈடு தர வேண்டியதில்லை. வெள்ளத்தில் குடிசையைப் பறிகொடுத்தவர்களும், வேலைத்தளத்தில் மண் சரிந்து உறவைப் பறிகொடுத்தவர்களும் இந்தப் பேச்சைக் கேட்டுக் காது புளித்தவர்கள். ஆகவே, இயற்கையின் பங்கு எதுவரை, மனிதனின் பங்கு எதுவரை என்று பிரித்துப் பார்க்கக் கற்பது நமக்கு அரசியல் பாடம். அந்தப் பாடத்தைச் சைபீரியாவிலிருந்தே தொடங்குவோம்.

ருஷ்யாவின் கிழக்கே, லேனா நதிக்கரையில் யாகுத்ஸ்க் என்று ஒரு நகரம் இருக்கிறது. 1828இல் அங்கே ஷெர்கின் என்ற வணிகர் குடிநீருக்காகக் கிணறு தோண்டத் தொடங்கினார். ஓராண்டா, ஈராண்டா? 1837 வரை தோண்டினார்கள். 116 மீட்டர் ஆழம் போயும் ஒரு சொட்டு நீர் ஊறவில்லை. அடிவரை மண் கல்லாக உறைந்து கிடந்தது! கிணறு பொய்த்தது, அறிவியலுக்குப் பயன்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் மிட்டென்டார்ஃப் என்ற ஆராய்ச்சியாளர் வந்து, அந்தக் கிணற்றின் சுவரில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பத்தை அளந்து கணக்கெடுத்தார். நிலத்தடி உறைவைப் பற்றிய முறையான ஆராய்ச்சி அங்கிருந்துதான் வளர்ந்தது.

குறைந்தது ஈராண்டாவது தொடர்ந்து பூஜ்ய டிகிரியிலோ அதற்குக் கீழோ கிடக்கும் நிலத்தை ஆங்கிலத்தில் பெர்மாஃப்ராஸ்ட் என்பார்கள். நாம் உறைமண் என்று சொல்லிக்கொள்வோம். ருஷ்ய நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இத்தகைய உறைமண்தான். அலாஸ்காவிலும் கனடாவிலும் திபெத்திலும் உண்டு. நம் இமயத்தின் உயரங்களிலும் உண்டு.

பல்லாயிரம் ஆண்டுகளாகச் செத்த புல்லும் வேரும் விலங்கும் மக்காமல் அதற்குள் கிடக்கின்றன. ஐஸ்பெட்டியில் வைத்த கறியை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இருக்கும்வரை கெடாது. கரண்ட் போனால் மறுநாளே நாற்றம் எடுக்கும். உறைமண்ணும் அப்படித்தான். உருகியதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். காய்ந்த இடத்தில் கரியமில வாயு கிளம்பும். சதுப்பான இடத்தில் மீத்தேனும் கிளம்பும். வடபகுதி உறைமண்ணில் மட்டும் சுமார் 1,50,000 கோடி டன் கரி அடங்கிக் கிடக்கிறது என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. இப்போது காற்றுமண்டலத்தில் இருக்கும் கரியைப்போல் அது ஏறக்குறைய இருமடங்கு.

இனி வாதத்துக்கு வருவோம். இயற்கைக் கட்சியின் வாதத்தை நாம் மறைக்காமல் அதன் முழு வலுவோடு எடுத்துச் சொல்வோம். ‘பூமியின் தட்பவெப்பம் எந்தக் காலத்தில் மாறாமல் இருந்தது? பனியுகங்கள் வந்தன, போயின. அன்று ஆலை ஏது, மோட்டார் ஏது? சூரியனும் எரிமலையும் செய்யும் வேலைக்கு மனிதனைக் கூண்டில் ஏற்றலாமா?’ என்று அவர்கள் கேட்கிறார்கள்.

பனியுகங்கள் வந்துபோனது உண்மை. அதற்குக் காரணம் இயற்கை என்பதும் உண்மை. பூமி சூரியனைச் சுற்றும் பாதையும் அதன் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுக் கணக்கில் மெல்ல மாறுகின்றன. மிலான்கோவிச் என்ற செர்பிய அறிஞர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் அவர் கண்ட அந்தச் சுழற்சி, ஆமை நடை. கடைசிப் பனியுகம் விலகிப் பூமி சூடேறப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. இப்போதோ 150 ஆண்டுகளுக்குள் உலகின் சராசரி வெப்பம் 1 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. அதிலும் பெரும்பகுதி 1970களுக்குப் பின் ஏறியது. மேலும், அந்தச் சுழற்சியின்படி மட்டும் நடந்திருந்தால் இக்காலத்தில் பூமி மிக மெதுவாகக் குளிர்ந்துகொண்டிருக்க வேண்டும். நடப்பது நேர் எதிர்.

அடுத்து சூரியன். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனின் ஒளியாற்றலை விடாமல் அளந்து வருகின்றன. சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை அது சற்று ஏறி இறங்குகிறது, மொத்தத்தில் உயரவில்லை. இன்னொரு சாட்சியும் உண்டு. சூரியன்தான் காரணம் என்றால் காற்றுமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடேற வேண்டும். ஆனால் அளந்து பார்த்தால் கீழ்க்காற்று சூடேறுகிறது, மிக உயரத்திலுள்ள காற்று குளிர்கிறது. கம்பளி போர்த்தியவனுக்கு உள்ளே கதகதப்பு, கம்பளிக்கு வெளியே குளிர். பூமிக்குக் கம்பளி போர்த்தப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா?

எரிமலையா? உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு, நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிப்பதால் வருவதில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. 1991இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பினாதுபோ எரிமலை பெரும் சீற்றத்தோடு வெடித்ததே, அதன் பலன் என்ன? அதன் தூசும் கந்தகப் புகையும் வெயிலை மறைத்து, ஓரிரு ஆண்டுகள் உலகை அரை டிகிரி அளவுக்குக் குளிர்வித்தன.

இனி கம்பளியின் கணக்கு. அந்தார்க்டிகாவின் பனிக்கட்டியைத் துளைத்து, அதில் சிறைப்பட்ட பழங்காலக் காற்றுக் குமிழிகளைப் பரிசோதித்திருக்கிறார்கள். 8 லட்சம் ஆண்டுக் கணக்கு அதில் இருக்கிறது. அத்தனை காலத்திலும் தொழிற்புரட்சிக்கு முன்வரை காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதில்லை. தொழிற்புரட்சிக்குச் சற்று முன் 280 பங்கு. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனலோவா மலையில் கீலிங் என்பவர் அளக்கத் தொடங்கியபோது 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கரி எரிந்தால் பூமி சூடேறும் என்று ஸ்வீடனின் அர்ரீனியஸ் 1896லேயே கணக்கிட்டுச் சொன்னார். இது நேற்று முளைத்த கட்டுக்கதை அன்று.

இயற்கைக் கட்சியிடம் இன்னும் ஓர் அம்பு உண்டு. ‘பழைய பனிக்கட்டிச் சான்றில் பல இடங்களில் முதலில் வெப்பம் ஏறியது, பிறகுதான் கரியமில வாயு ஏறியது, ஆகவே வாயு காரணமாகாது’ என்பார்கள். கூர்ந்து கேளுங்கள். அன்று பூமியின் சுழற்சி முதல் தள்ளு கொடுத்தது. சூடேறிய கடலும் நிலமும் வாயுவைக் கக்கின. அந்த வாயு வெப்பத்தை மேலும் கூட்டியது. இன்று முதல் தள்ளைக் கொடுப்பது ஆலையும் மின்நிலையமும் வாகனமும். அதற்குப் பின் நிலம் வாயுவைக் கக்கும் அந்தப் பழைய இரண்டாம் கட்டம் மீண்டும் வரும். உறைமண் உருகுவது அதன் தொடக்கம்தான். எதிராளி எறிந்த அம்பு நமக்கு எச்சரிக்கையாக அமைந்துவிட்டது!

வைக்கோற்போருக்கு ஒருவன் தீ வைத்தான். காற்று அதைத் தெருவெல்லாம் பரப்பியது. வழக்கைக் காற்றின் மேலா போடுவோம்? உறைமண்ணிலிருந்து கரியை வெளியேற்றுவது நுண்ணுயிர்தான், இயற்கைதான். ஆனால் அதைத் தூண்டிவிட்ட வெப்பம் மனிதன் ஏற்றியது. 1979 முதலான கணக்கில் வடதுருவப் பகுதி, உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. 2020 ஜூன் 20 அன்று சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் ஊரில் 38 டிகிரி வெயில் அடித்தது. நம் ஊர்க் கோடையைச் சொல்லவில்லை தோழர்களே. வடதுருவ வட்டத்துக்குள் இருக்கும் ஊரைச் சொல்கிறோம்!

இதில் மிகைப்படுத்தவும் வேண்டாம். இந்தக் கரி முழுவதும் ஒரே நாளில் வெடித்துக் கிளம்பிவிடாது. பல பத்தாண்டுகள், நூற்றாண்டுகளாகக் கசியும். ஆனால் நாம் புகையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவுக்குக் கசிவும் குறையும். வளரவிட்டால் அதுவும் வளரும். ‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்று கைவிரிப்பவனும், ‘ஒன்றுமே இல்லை’ என்று கைகழுவுபவனும் கடைசியில் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

அதே சைபீரியாவில் படகாய்கா என்ற இடத்தில் நிலம் பிளந்து ஒரு பெரும்பள்ளம் உண்டாகியிருக்கிறது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். அதன் சுவரின் அடியில் இருக்கும் உறைமண் சுமார் 6,50,000 ஆண்டுப் பழமையானது என்று கண்டிருக்கிறார்கள். அத்தனை காலத்தில் எத்தனையோ சூடான யுகங்கள் வந்துபோயின, அது உருகவில்லை. கடந்த நூற்றாண்டின் இடைப்பகுதியில் மேலிருந்த காட்டை வெட்டினார்கள். நிழல் போயிற்று. வெயில் மண்ணைத் தொட்டது. சில பத்தாண்டுகளில் பள்ளம் வாய் பிளந்தது. ஆறரை லட்சம் ஆண்டு தாங்கியதை ஒரு தலைமுறையின் கோடரி அசைத்துவிட்டது. இங்கே இயற்கை எது, மனிதன் எது என்பதை நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அடுத்து நோரில்ஸ்க். நிக்கலும் செம்பும் எடுக்கும் நகரம். 1935 முதல் கைதி முகாம் வைத்துக் கட்டாய உழைப்பால் எழுப்பிய நகரம். எத்தனையோ பேர் குளிரிலும் பசியிலும் செத்தார்கள். உறைமண் மேல் கட்டடம் கட்டினால், உள்ளே மூட்டும் அடுப்பின் சூட்டில் கீழே மண் இளகிக் கட்டடம் சாயும். ஆகவே ஆழத் தூண்களை நட்டு, தரைக்கும் கட்டடத்துக்கும் நடுவே குளிர்காற்று புக இடம்விட்டுக் கட்டும் முறையை அங்கே வளர்த்தார்கள். அதில் முன்னின்ற பொறியாளர் மிகைல் கிம், அங்கே கைதியாகக் கொண்டுவரப்பட்டவர்.

அந்த நோரில்ஸ்கில் 2020 மே 29 அன்று ஒரு மின்நிலையத்தின் எண்ணெய்த் தொட்டி நிலைகுலைந்து, சுமார் 21,000 டன் டீசல் கொட்டியது. ஆறு சிவந்து ஓடியது. மீனையும் கலைமானையும் நம்பி வாழும் பழங்குடி மக்களின் நீர்நிலைகள் பாழாயின. தொட்டி, நோரில்ஸ்க் நிக்கல் என்ற பெரும் கம்பெனியின் கிளை நிறுவனத்துடையது. கம்பெனி என்ன சொல்லிற்று? வெப்பம் மிகுந்து உறைமண் இளகியதால் தூண்கள் அமிழ்ந்திருக்கலாம் என்றது. அதாவது, இயற்கையே முதல் பிரதிவாதி! அரசின் தொழில்நுட்பக் கண்காணிப்புத் துறை விசாரித்தது. அடித்தளத்தின் அமைப்பிலும் கட்டுமானத்திலும் குறை, பராமரிப்பிலும் கண்காணிப்பிலும் குறை என்று அறிக்கை தந்தது. 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் சுமார் 14,600 கோடி ரூபிள் நஷ்டஈடு விதித்தது. கம்பெனி கட்டியது.

தோழர்களே, இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மண் இளகுவது உண்மை. அதைப் பலர் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்ததும் உண்மை. தெரிந்திருந்தும் தூணைச் சோதிக்காதவன் யார், பழுதைத் தள்ளிப்போட்டவன் யார் என்பதே கேள்வி. மண் மாறுகிறது என்றால் காவல் கூட வேண்டும். காவலைக் கைவிட்டவனுக்கு மண் சாக்காகாது.

யாமால் தீபகற்பத்தில் 2016 கோடையில் நடந்ததும் இதே கதை. கடும் வெப்பம். உறைமண் ஆழமாக இளகியது. பழைய விலங்குச் சடலங்களில் உறங்கிக் கிடந்த அடைப்பான் நோய்க் கிருமி வெளிப்பட்டது. 2,000க்கு மேற்பட்ட கலைமான்கள் மடிந்தன. நெனெத்ஸ் மேய்ப்பர் குடும்பத்தின் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். கிருமி இயற்கை. வெப்பத்தின் கதையை முன்பே பார்த்தோம். அதற்கும் மேலாக, அந்தப் பகுதியில் கலைமான்களுக்குப் போட்டுவந்த தடுப்பூசியை 2007இல் நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தியது எந்த இயற்கை?

சரி, மனிதன்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டோம். உடனே இன்னொரு தந்திரம் வரும்: ‘எல்லா மனிதரும் குற்றவாளிகளே, நீயும் அடுப்பு மூட்டுகிறாய் அல்லவா?’ என்பார்கள். எந்த மனிதன் என்று நாம் கேட்க வேண்டும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் ஒரு இந்தியர் பங்குக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு. ஓர் அமெரிக்கர் பங்குக்குச் சுமார் 14 டன். அந்த 2 டன்னும் சராசரிதான். பன்னாட்டு விமானத்தில் பறக்கும் ஆலை அதிபரையும், அவர் மாளிகைக்குச் செங்கல் சுமக்கும் பெண்ணையும் கூட்டிப் போட்டு வகுத்த சராசரி! ஏழை நாடு என்ற பெயரைச் சொல்லி நம் நாட்டுப் பெருமுதலாளிகள் அந்தப் பெண்ணின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நாம் இடம் கொடுக்கலாகாது.

தெரியாமல் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சோவியத் விஞ்ஞானி புதிகோ, உலகம் சூடேறி வடதுருவக் கடலின் பனி சுருங்கும் என்று 1972லேயே கணித்தார். அமெரிக்காவின் எக்ஸான் எண்ணெய்க் கம்பெனிக்கு அதன் சொந்த விஞ்ஞானிகளே 1977 முதல் எச்சரிக்கை தந்தார்கள். அவர்கள் போட்ட கணிப்புகளில் பெரும்பாலானவை சரியாகவே பலித்தன என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உள்ளே கணக்கு இப்படி இருக்க, வெளியே பல ஆண்டுகள் ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்று சந்தேகத்தை விதைத்தார்கள். ருஷ்ய அதிபர் புதின் 2003இல் ஒரு மாநாட்டில், சூடேறினால் கம்பளிச் சட்டைச் செலவு மிச்சமாகும் என்று வேடிக்கை பேசினார். 2021இல் அவருடைய அமைச்சரே, உறைமண் உருகுவதால் 2050க்குள் 5 லட்சம் கோடி ரூபிள் வரை நஷ்டம் வரலாம் என்று சொல்ல நேர்ந்தது. சட்டைச் செலவு மிச்சம். வீட்டுச் சுவர் விரிசல்!

இவ்வளவும் தூர தேசத்துச் செய்தி என்று எண்ண வேண்டாம். 2023 அக்டோபர் தொடக்கத்தில் சிக்கிமில் தெற்கு லோனக் ஏரிக்குள், அதன் கரையாக இருந்த உறைமண்மேடு சரிந்து விழுந்தது. ஏரி பொங்கி உடைத்துக்கொண்டு பாய்ந்து, சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா அணையை அடித்துக்கொண்டு போயிற்று. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்னும் பலரைக் காணவில்லை. அந்த ஏரி ஆபத்தானது என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தார்கள்.

அதற்கு முன், 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் ஒரு மலைமுகடு பாறையும் பனியுமாகப் பெயர்ந்து விழுந்தது. 200க்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் இரண்டு நீர்மின் திட்டங்களில் வேலை செய்தவர்கள். பலர் நம்மைப்போல் வெளி மாநிலத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள். அந்த மலை சரிந்ததற்கு வெப்பம் ஒன்றே காரணம் என்று நாம் அடித்துச் சொல்ல மாட்டோம். மலை சரிவது இமயத்தில் பழைய கதை. ஆனால் அந்த ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அணையையும் சுரங்கத்தையும் வைத்தது மலை அல்ல. வெள்ளம் வருகிறது என்று சொல்ல ஒரு சங்கும் ஊதாததற்கு மலை பொறுப்பல்ல.

நம் மும்பைக்கும் இது பொருந்தும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மழை வானத்திலிருந்து வந்தது. மித்தி ஆற்றை நெருக்கிச் சதுப்பைத் தூர்த்து அலுவலகக் கோபுரங்கள் எழுப்பியதும், விமான ஓடுபாதைக்காக அதன் போக்கை வளைத்ததும் வானம் செய்த வேலையா? ஆனால் பழி முதலில் யார் மேல் வந்தது? ஆற்றோரக் குடிசைகளின் மேல்!

ஆகவே நாம் கேட்க வேண்டியவற்றைத் திட்டமாகக் கேட்போம். மலையிலும் ஆற்றோரத்திலும் நடக்கும் ஒவ்வொரு வேலைத்தளத்திலும் அபாயச் சங்கும், ஓடி ஏற மேட்டு வழியும் வேண்டும். ஒவ்வொரு கூலியாளின் பெயரும் சொந்த ஊரும் மஸ்டர் ரோலில் இருக்க வேண்டும். பெயரில்லாத பிணத்துக்கு நஷ்டஈடு வராது. விபத்தை ‘இயற்கைச் சீற்றம்’ என்று எழுதி முடிப்பதற்கு முன், முன்னெச்சரிக்கை வந்ததா, வந்தும் புறக்கணித்தது யார் என்று பகிரங்க விசாரணை வேண்டும். நிலக்கரியைக் குறைப்பது அவசியம்; குறைக்கும்போது சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாற்று வேலை தராமல் அவனைத் தெருவில் நிறுத்தக்கூடாது. முன்பு புகைக்காக உழைத்தவனே இப்போது புகையை நிறுத்தும் செலவையும் தலையில் சுமப்பதா?

நம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கற்றுக்கொடுங்கள். யாராவது ‘எல்லாம் இயற்கை’ என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். எவ்வளவு வேகத்தில் ஏறியது, எதை அளந்தீர்கள், யாருக்கு முன்பே தெரியும், யார் காவலை விட்டார் என்று நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்கச் சொல்லுங்கள். இயற்கையின் பங்கு இயற்கைக்குப் போகட்டும். மனிதனின் பங்கு எந்த மனிதனுடையதோ, அவன் பெயரில் எழுதப்பட வேண்டும். அதை எழுத வைப்பது ஒன்றுபட்ட தொழிலாளியின் வேலை.